வீட்டு வண்டிக்குள் காஸ் கீசர் வேண்டாம்

போன கிழமை கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். பழைய டொல்பின் வான் ஒன்றை வாங்கி, சீற்றுகளைக் கழற்றி, படுக்கை, சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் தானே செய்து பூட்டியிருக்கிறான். உண்மையில் வடிவான வேலை. பின்பக்க மூலையில் தகரம் அடித்து, நின்று முழுகுவதற்கு ஒரு மறைப்பும் வைத்திருக்கிறான். அந்த மறைப்புக்குள், தலைக்கு நேரே, ஒரு காஸ் கீசர், அதாவது காஸ் எரித்துத் தண்ணியை உடனே சூடாக்கும் பெட்டி. "அண்ணை, நுவரெலியாவுக்கு இது காணுமோ?" என்று கேட்டான்.

கழற்றச் சொன்னேன். முகம் வாடிப்போனது. "பூட்டின கையோட கழற்றச் சொல்லுறியளே" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது யாழ்ப்பாணத்தில் வானையும் ரோசா பஸ்ஸையும் வீட்டு வண்டியாக மாற்றும் ஆட்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள், அதில் பாதிப் பேர் முதலில் வாங்குவது இந்தக் கீசரைத்தான்.

எங்கள் பஸ்ஸிலும் அதுதான் இருந்தது. யாழ்ப்பாணத்து வெயிலுக்குச் சுடுதண்ணி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. மார்கழி விடியலில்கூட இங்கே கிணற்றுத் தண்ணி அள்ளி முழுகலாம். ஆனால் ஏ9 வீதியில் இறங்கி, கண்டி தாண்டி, ரம்பொடை வளைவுகளில் ஏறி நுவரெலியா போய்ச் சேர்ந்தால், 400 கிலோமீற்றருக்குள் வேறொரு நாடு. கடல்மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம். தை மாத விடியலில் 10 பாகைக்குக் கீழே இறங்கும், சில நாள் புல்லில் உறைபனியும் விழும். என் அம்மாவுக்கு மூட்டு வலி. அந்தக் குளிரில் பச்சைத் தண்ணியில் கை வைத்தாலே விரல் மடங்காது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தைப்பொங்கல் கழிந்து போனோம். குளிருக்குப் பயந்து யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டியிருந்தோம். விடிய நானும் மனிசியும் ஒருவர் பின் ஒருவராக முழுகினோம். மூன்றாவது அம்மா. வெளியே வந்தவர் தலை இடிக்குது என்று சொல்லிப் படுக்கையில் சாய்ந்தார். மகளுக்கு ஓங்காளம். மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை, இஞ்சித் தேத்தண்ணி குடித்தால் சரி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மனிசிதான் ஏதோ தோன்றி, கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இறக்கினாள். பத்து நிமிடத்தில் மகள் தெளிந்துவிட்டாள். அம்மாவுக்கு மத்தியானம் வரை கால் நடுங்கியது. காட்டிய வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "வண்டிக்குள்ள என்ன எரிச்சனீங்கள்?"

காஸ் அரைகுறையாக எரியும்போது வரும் நச்சு வாயுதான் காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் போய்ப் பிடிக்க வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்கிறது. தலையிடி, மயக்கம், வாந்தி, கால் சோர்வு என்று காய்ச்சல் இல்லாத காய்ச்சல் போலத்தான் வரும். நித்திரையில் இருப்பவருக்கு அந்த அறிகுறியும் தெரியாது. அன்று நாங்கள் எல்லோரும் விழித்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கணக்காகவும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 லீற்றர் சூடாக்கும் ஒரு கீசர் ஏறத்தாழ 10 தொடக்கம் 12 கிலோவாற் வெப்பம் தருகிறது. ஒரு வானை இரவு முழுக்கச் சூடாக வைக்க 2 கிலோவாற் போதும். கீசரின் அவ்வளவு தீயும், காற்று போக வர வழியில்லாத தகரப் பெட்டிக்குள், ஆட்கள் மூச்சு விடும் அதே காற்றை உறிஞ்சி எரிகிறது. புகை போகும் குழாயைக்கூடப் பூட்டாமல்தான் பலர் விட்டிருக்கிறார்கள். நுவரெலியாவின் உயரத்தில் காற்றழுத்தமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தீக்கு ஒட்சிசன் காணாமல் போனால் அது அரைகுறையாக எரிந்து அந்த நச்சைத்தான் கக்கும். "யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ" என்று விற்பவர் சொல்லுவார். விடிய 5 பாகைக் குளிரில் எந்த மனிதர் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முழுகுவார்?

இன்னொரு தொல்லை ஈரம். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் தண்ணி நீராவியாக வெளியே வரும். நாலு பேர் படுத்து மூச்சு விடும் ஈரமும் சேர்ந்தால் விடியும்போது கண்ணாடி வியர்த்துச் சொட்டும், மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். சிரட்டைக் கரியை இரும்புச் சட்டியில் போட்டு உள்ளே வைத்துக் குளிர் காய்வோம் என்று நினைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். கரி இன்னும் மோசம்.

2021 கடைசியில் காஸ் வெடிப்புகள் பற்றி நாடே கதைத்த நாட்களில் புரொப்பேன், பியூட்டேன் என்ற சொற்கள் எங்கள் குசினிக்குள்ளும் வந்தன. எங்கள் சிலிண்டரில் கூடுதலாக இருப்பது பியூட்டேன். அது 0 பாகையை அண்டினாலே ஆவியாக மறுக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். கலவையில் இருக்கும் புரொப்பேன் முதலில் போய்விட, மிச்சமிருக்கும் பியூட்டேன் குளிரில் சோம்பிவிடும். நுவரெலியாவில் அரைச் சிலிண்டர் இருக்கும்போதே தீ சுருங்கியதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஜேர்மனியில் இருக்கும் சின்னண்ணாவின் வண்டியில் ட்ரூமா கொம்பி என்ற ஒரு பெட்டி இருக்கிறது. காற்றையும் சூடாக்கும், 10 லீற்றர் தண்ணியையும் சூடாக்கும். தீ எரிவது மூடிய அறைக்குள், காற்று எடுப்பதும் புகை விடுவதும் வெளியே. தண்ணி உறைந்து தாங்கி வெடிக்காமலிருக்க, 3 பாகை அளவில் தானாகத் திறந்து தண்ணியை வெளியே விடும் வால்வும் உண்டு. அங்கே வீட்டு வண்டியின் காஸ் இணைப்பை 2 வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார்கள். அருமையான சாமான். ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே ஐந்து மாதக் குளிருக்குச் செய்தது, எங்களுக்கு வருடத்தில் பத்து இரவு. எங்களுக்குப் பொருந்துவது வேறு.

எங்கள் பஸ் எஞ்சின் மலை ஏறும்போது எரிக்கும் டீசலின் சூட்டில் கால் பங்குக்கு மேல் ரேடியேற்றர் வழியாகச் சும்மா வெளியே போகிறது. அந்தச் சூட்டைப் பிடித்தால் போதும். 20 லீற்றர் துருப்பிடிக்காத இரும்புத் தாங்கி ஒன்றுக்குள் ஒரு செப்புச் சுருள் வைத்து, எஞ்சினில் இருந்து முன்பக்க ஹீற்றருக்குப் போகும் ஹோஸ் பைப்பில் அதை இணைத்தோம். ரம்பொடை ஏறி முடியும்போது தாங்கியின் தண்ணி 80 பாகை. அந்த 20 லீற்றரை 12 பாகைத் தண்ணியோடு கலந்தால் உடம்புக்கு இதமான தண்ணி 50 லீற்றர் வருகிறது. சுற்றிவர நுரைப் பாய் சுற்றியிருப்பதால் அடுத்த நாள் விடியலிலும் முழுகும் சூடு இருக்கிறது. செலவான டீசல் ஒரு சொட்டும் இல்லை. தீயும் இல்லை.

இதில் ஒரே ஒரு இடத்தில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவில், சுடுதண்ணியையும் பச்சைத் தண்ணியையும் தானாகக் கலந்து விடும் வால்வு கட்டாயம் வேண்டும். 80 பாகைத் தண்ணி நேரே குழந்தையின் கையில் விழுந்தால் தோல் கழன்றுவிடும். அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வும் வேண்டும், அதன் வாய் வண்டிக்கு வெளியே கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாள் நின்றால்? தாங்கிக்குள் 750 வாற் மின்கம்பிச் சுருள் ஒன்றும் இருக்கிறது. தங்குமிடத்தில் 230 வோல்ற் மின்சாரம் கிடைத்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் 60 பாகைக்கு வந்துவிடும். பற்றரியில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். 10 லீற்றரை 12 பாகையில் இருந்து 60க்குக் கொண்டுபோக 12 வோல்ற் பற்றரியில் 46 அம்பியர் மணி வேண்டும். 100 அம்பியர் மணி லிதியம் பற்றரியில் கிட்டத்தட்ட பாதி ஒருவர் முழுகுவதோடு போய்விடும். நான் செய்யமாட்டேன்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு மட்டும் ஒரு சொல். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்த கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அதுவே சுருளைச் சுற்றியும் படியும், படிந்தால் சூடு தண்ணிக்கு ஏறாது. ஆகவே சூடாக்கும் தாங்கிக்கு இங்கிருந்து தண்ணி நிரப்பிக்கொண்டு போவதை விட்டுவிட்டோம். மலையில் கிடைக்கும் சுண்ணாம்பு குறைந்த தண்ணியை அங்கேயே நிரப்புகிறோம். வருடத்துக்கு ஒருமுறை சிற்றிக் அமிலம் கரைத்து ஊற வைத்துக் கழுவுகிறேன். கடலோரத்து உவர்த் தண்ணியை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள், துருப்பிடிக்காத இரும்பையும் அது துளைத்துவிடும்.

இனி உள்ளே படுக்கும் இடத்தின் சூடு. ஹீற்றர் வாங்குவதற்கு முன் வண்டிக்கு உடுப்புப் போடுங்கள். வெறும் தகரத்தை எவ்வளவு சூடாக்கினாலும் மலைக்காற்று அதைத் தின்றுவிடும். கூரைக்கும் பக்கச் சுவருக்கும் நுரைப் பாய் ஒட்டினோம். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை மலிவு, ஆனால் வளைவுக்குள் சரியாக உட்காராது, தீயும் கெதியாகப் பிடிக்கும். யன்னலுக்கு அளவாக வெட்டிய மினுங்கல் பாய். இதை மட்டும் செய்துவிட்டுப் போன பயணத்திலேயே அம்மா, "இஞ்ச இப்ப குளிர் அவ்வளவா இல்லையடா" என்றார்.

அதன் பிறகுதான் டீசல் ஹீற்றர், 2 கிலோவாற். இதிலும் தீ மூடிய அறைக்குள், மூச்சும் புகையும் வண்டிக்குக் கீழே. உள்ளே வருவது சுத்தமான, காய்ந்த சூடான காற்று மட்டும். தொடங்கும்போது உள்ளே தீ மூட்டும் பிளக்கைச் சூடாக்க இரண்டு நிமிடம் 10 அம்பியர் இழுக்கும், பிறகு ஒன்று அல்லது இரண்டு அம்பியர்தான். ஒரு இரவுக்கு ஒரு லீற்றர் சொச்சம் டீசல். 2022 இல் காஸுக்கு நாங்கள் வரிசையில் நின்ற நாட்கள் எனக்கு மறக்கவில்லை. டீசலுக்கும் நின்றோம்தான். ஆனால் வண்டி ஓட டீசல் இருந்தால் சூட்டுக்கும் அதுவே போதும் என்பது ஒரு நிம்மதி.

வாங்குபவர்கள் கவனிக்காத ஒன்று இந்த மலையின் உயரம். வெபாஸ்ரோ போன்ற தயாரிப்பாளர்கள் 1500 மீற்றருக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டுவதென்றால் அதற்கான சீரமைப்பு வேண்டும் என்று சொல்கிறார்கள். காற்று மெலிந்திருக்கும்போது அதே அளவு டீசலைக் கொடுத்தால் கரி பிடித்து அடைத்துவிடும். நுவரெலியாவே அந்த உயரத்தைத் தாண்டியது, ஹோட்டன் சமவெளி 2100 மீற்றருக்கும் மேல். ஆகவே உயரத்தை உணர்ந்து டீசலைக் குறைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கொழும்பில் ஓட்டிக் காட்டியது எதற்கும் சாட்சி இல்லை. வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சைப் பிடுங்காதீர்கள், அது தன்பாட்டில் காற்றை ஊதி ஆறி நிற்கட்டும். புகைக்குழாயின் வாய் வண்டியின் ஓரத்தைத் தாண்டி, யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி முடிய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்று எங்கள் படுக்கைக்குப் பக்கத்தில், மூச்சு விடும் உயரத்தில் இருக்கிறது. சமையல் அடுப்புக்காக ஒரு சிலிண்டர் இன்னும் வைத்திருப்பதால், அதன் பெட்டிக்குத் தரையில் ஒரு துளையும் போட்டிருக்கிறேன். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் தேங்கும்.

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் சீத்தாஎலியவில் இருக்கும் அம்மன் கோவிலுக்குப் போவதற்காகப் போன தை மாதம் விடிய 5 மணிக்கு அம்மா தலை முழுகினார். வெளியே புல் வெள்ளையாக இருந்தது. துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸின் படியில் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

கொக்குவில் தம்பி நேற்று தொலைபேசியில் கதைத்தான். கீசரைக் கழற்றிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை வானைக் கொண்டு வருகிறான். சுருள் என்னிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது, தாங்கி ஒட்டத்தான் ஆள் பார்க்க வேண்டும்.