நல்ல மென்பொருளைப் பரிந்துரைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்

அதிகம் அறியப்படாத நல்ல மென்பொருள்களைப் பலரிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்று நம்மில் சிலர் நெடுநாளாகச் சொல்லி வருகிறோம். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, மறுநாள் பழையதையே திறக்கிறார்கள். அது அவர்களுடைய சோம்பல் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். குறை பெரும்பாலும் பரிந்துரைக்கும் நம்மிடமே இருக்கிறது என்பது, ஒரு நண்பரின் கணினியில் கைவைத்த பிறகே புரிந்தது.

கணினி மெதுவாக இருக்கிறது, ஏதாவது செய்ய முடியுமா என்று மட்டுமே அவர் கேட்டார். நான் விண்டோஸை நீக்கி லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவி, வேர்டு, எக்செல் போன்றவற்றுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸைத் திறந்து காட்டி, கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களையும் (விரும்பியபடி பயன்படுத்த, உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்ற, பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்க, மாற்றியதையும் பகிர) விளக்கிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து, அலுவலகத்திலிருந்து வந்த அறிக்கையை அவர் திறந்தபோது அட்டவணைகள் பாதியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தன. அறிக்கையில் இருந்த காலிப்ரி எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. அதே அகலத்தில் வடிவமைக்கப்பட்ட கார்லிட்டோ எழுத்துருவை நிறுவியிருந்தால் வரிகள் அதே இடத்தில் மடங்கியிருக்கும். இது எனக்குத் தெரியாததும் அல்ல. சுதந்திரத்தைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கிய நான் எழுத்துருவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை. ஒரே வாரத்தில் அவர் விண்டோஸுக்குத் திரும்பிவிட்டார்.

விஎல்சி பிளேயரைப் பாருங்கள். பிரான்சில் ஒரு கல்லூரி மாணவர்களின் திட்டமாகத் தொடங்கி, 2001-இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்த மென்பொருள் அது. அதைப் பயன்படுத்துபவர்களில் எத்தனை பேருக்கு அந்த உரிமத்தைப் பற்றித் தெரியும்? வேறு எதிலும் ஓடாத காணொளி அதில் ஓடியது, அவ்வளவுதான். கொள்கையைக் கேட்டு யாரும் அதை நிறுவியதாக நான் அறியவில்லை.

ஓராண்டு கழித்து அதே நண்பர், தாம் பதிவு செய்த உரையில் மின்விசிறியின் இரைச்சல் கேட்கிறது என்று வருத்தப்பட்டார். இம்முறை நான் எதையும் விளக்கவில்லை. ஒலிப்பதிவுகளைத் திருத்த உதவும் கட்டற்ற மென்பொருளான ஆடாசிட்டியை அவருடைய விண்டோஸிலேயே நிறுவி, பேச்சு தொடங்குவதற்கு முன் இரைச்சல் மட்டும் இருந்த இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்கு அடையாளம் காட்டினேன். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, அந்த இரைச்சலை நீக்கச் சொன்னேன். திரும்ப ஓடவிட்டபோது அவர் குரல் மட்டும் கேட்டது. அடுத்த பதிவுக்கு என்னை அழைக்காமல் அவரே செய்துகொண்டார்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. ஒருவருக்கு இன்று இருக்கும் ஒரே ஒரு தொல்லையைத் தீர்க்கும் மென்பொருளை மட்டும் கொடுங்கள், பழையதை நீக்காதீர்கள். அவர் பிறருக்கு அனுப்பும் கோப்பு அங்கே சரியாகத் திறக்கும்படி, லிப்ரே ஆபிஸ் வழக்கமாகச் சேமிக்கும் வடிவத்தை வேர்டு வடிவத்துக்கு மாற்றியே கொடுங்கள். லிப்ரே ஆபிஸ் வழக்கமாகச் சேமிக்கும் அந்தத் திறந்த ஆவண வடிவம் 2006-இலேயே பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது என்பதை அறிந்த நமக்கு அந்த மாற்றம் கசக்கத்தான் செய்யும். ஆனால் கோப்பு திறக்கவில்லை என்று மேலாளரிடம் திட்டு வாங்கப்போவது அவர்தானே. குறைகளையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் பழகிய கைக்கு, அதற்கு மாற்றான கிம்ப் முதல் சில நாள்களுக்கு எரிச்சலூட்டும். அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த பரிந்துரையை அவர் நம்பமாட்டார். முதல் இரண்டு வாரங்களுக்கு அவர் எத்தனை முறை அழைத்தாலும் எடுத்துப் பேசுங்கள். அந்த நேரத்தைத் தர இயலாதென்றால் பரிந்துரைக்காமலே இருந்துவிடலாம்.

அப்படியானால் கொள்கை என்ன ஆவது என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆடாசிட்டியைச் சில மாதங்கள் பயன்படுத்திய பின், இவ்வளவு நல்ல மென்பொருளை ஏன் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நண்பரே ஒரு நாள் கேட்டார். நான்கு சுதந்திரங்களை அன்றைக்கு மீண்டும் சொன்னேன். இம்முறை இடையிடையே கேள்வி கேட்டார்.