300 மிமீ லென்ஸ், 450 கணக்கு: உண்மை என்ன?

"நிக்கான் டிஎக்ஸ் கேமராவில் எஃப்எக்ஸ் லென்ஸ் போட்டால்தான் 300 மிமீ 450 ஆகும், டிஎக்ஸ் லென்ஸ் என்றால் வெறும் 300தான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. டிஎக்ஸ் என்பது நிக்கானின் சிறிய சென்சார் வகை; எஃப்எக்ஸ் என்பது முழு அளவு சென்சார் வகை.

300-ஐ 450 ஆக்கும் 1.5 மடங்கு என்பது டிஎக்ஸ் கேமராவின் சிறிய சென்சார் காட்சியின் ஓரங்களை வெட்டுவதால் வரும் கணக்கு: எஃப்எக்ஸ் கேமராவில் 450 மிமீ லென்ஸ் காட்டும் அளவு காட்சிதான் தெரியும். எந்த லென்ஸுக்கும் அது ஒன்றுதான். ஏஎஃப்-பி 70-300 என்ற நிக்கான் ஜூம் லென்ஸ் டிஎக்ஸ், எஃப்எக்ஸ் இரண்டு வகையிலும் உண்டு. நிக்கான் தளத்தின் விவரப் பட்டியலில் காட்சிக் கோணத்தைப் பாருங்கள்: டிஎக்ஸ் கேமராவில், 300 முனையில், இரண்டுக்குமே 5 டிகிரி 20 நிமிடம். கிளையில் உட்கார்ந்த மீன்கொத்தி இரண்டிலும் ஒரே அளவில்தான் தெரியும்.

எஃப்எக்ஸ் லென்ஸில் 300-இல் எஃப்/5.6 கிடைக்கும், டிஎக்ஸில் எஃப்/6.3 (எண் குறைந்தால் லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் கூடும்). வெளிச்சத்துக்காக வாங்கினால் சரி. ஆனால் எடை 680 கிராம். டிஎக்ஸ் விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வகை) 415தான். இல்லாத கூடுதல் தூரத்துக்காகப் புதிதாகப் படம் பிடிப்பவர்கள் காசை இழக்க வேண்டாம். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.