அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் நாலு பேர் கூடினால் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "நாம கொடுக்கிற புத்தகம் எவ்வளவு, அவங்களா எடுக்கிறது எவ்வளவு? பாதிப் பாதி வைக்கலாமா?" நேரத்தைக் கூறு போட்டால் இதற்கு விடை கிடைக்காது என்பது என் கட்சி. பிள்ளை புத்தகத்தை மூடிய பிறகு அதைப் பற்றி யாராவது விசாரிப்பார்களா, மாட்டார்களா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சாயங்காலம் மணி அடித்துவிடும். டீச்சர் வேறு, அம்மா வேறு. நம் வீட்டில் இரண்டும் ஒரே ஆள். சோபாவில் காலை நீட்டி டைனோசர் புத்தகம் புரட்டுகிறவனிடம், குக்கரை இறக்கப் போகிற போக்கில், "அது எந்தக் காலத்துல வாழ்ந்துச்சாம்?" என்று ஒன்றைக் கேட்டு வைப்போம். ஆசையாகத்தான் கேட்கிறோம். அவன் காதில் அது பரீட்சையாக விழுகிறது. எங்கள் வீட்டுச் சின்னவன் இதற்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்துகொண்டான். நான் எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் கையில் வாங்குவதற்கு முன்பே, "இது பாடமா, சும்மாவா?" என்பான். பாடம் என்றால் மேஜைக்குப் போவான். சும்மா என்றால் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடுவான்.

அதற்காக, நாமாக எதையுமே கொடுக்கக் கூடாது என்கிற கூட்டத்தில் நான் இல்லை. எல்லாம் பிள்ளையின் இஷ்டம் என்று விட்டால், இருக்கிறது என்றே தெரியாத ஒன்றின் மேல் அதற்கு எப்படி இஷ்டம் வரும்? கிரிக்கெட் புத்தகம் தவிர எதையும் தொடாத பையனுக்கு, கல்வெட்டு என்று ஒன்று இருப்பதை யாராவது காட்டத்தான் வேண்டும். அதோடு நம்மில் பலர் கடைசியில் வந்து நிற்கும் வாசல், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வு. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். அந்தப் பாடநூல்களில் சில இடங்கள் வறட்டுக் கட்டை. பிடிக்காத பக்கத்தோடு கால் மணி நேரம் உட்காரும் பழக்கம் திடீரென்று 14 வயதில் வந்துவிடாது.

ஆகவே கொடுப்பேன். ஆனால் கொஞ்சமாகக் கொடுப்பேன். காலையில் தலை தெளிவாக இருக்கிற நேரத்தில் ஒரு அத்தியாயம், சின்னவனுக்கு அதில் பாதி. இந்தப் புத்தகம் ஏன் என்று ஒரே வரியில் பிள்ளையிடம் சொல்ல முடியாவிட்டால் அதை நான் எடுப்பதில்லை. "எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க" என்பது காரணத்தில் சேராது. அதே அத்தியாயத்தை நானும் படித்திருக்க வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. இந்த ஒன்றே பாடப் பட்டியலைத் தானாகச் சுருக்கிவிடும், முயன்று பாருங்கள்.

வீட்டுக் கல்விக்காரர்கள் பலரும் சார்லட் மேசனைப் பின்பற்றுகிறார்கள். 1923இல் மறைந்த அந்த ஆங்கிலேயக் கல்வியாளர் சொன்னதில் இரண்டு எனக்கும் ஒத்துவருகிறது: பாடம் சுருக்கமாக இருக்க வேண்டும், ஒரு தடவை படித்ததும் பிள்ளை அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வித்தாளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நம் ஆட்கள் அந்தத் திருப்பிச் சொல்லுதலை ராத்திரிக் கதைப் புத்தகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கொடுத்த புத்தகத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களாக எடுத்ததை விட்டுவிடுங்கள். சொல்லத் தோன்றினால் அவர்களே வந்து, நாம் போனில் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்தாமல் சொல்வார்கள்.

இனி, நம் வீடுகளுக்கென்றே உள்ள சிக்கலுக்கு வருகிறேன். இறக்குமதிப் புத்தகப் பட்டியல்கள் எதிலும் இதற்கு வழி இருக்காது. பிள்ளை தானாக எடுப்பதெல்லாம் ஆங்கிலம், நாம் கொடுப்பதெல்லாம் தமிழ் என்று ஆகிப்போகிறது. தமிழ் என்றாலே வேளாவேளைக்குப் புகட்டும் கசாயம் மாதிரி ஒரு முகச்சுளிப்பு. ஆங்கில மோகம் என்று திட்டிப் பயனில்லை. வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசும் பிள்ளைக்கும் இது நடக்கிறது. "போயிட்டிருந்தான்" என்று பேசுகிற பிள்ளை, "சென்றுகொண்டிருந்தான்" என்று படிக்க வேண்டும். வினைச்சொல்லே வேறு. போதாததற்குச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள்கின்றன. என் மகள் சின்ன வயதில் "பார்த்துக்கொண்டிருந்தபோதிலும்" மேல் விரலை வைத்து, "பார்த்துக்... கொண்டி... கொண்டிருந்..." என்று மூச்சுப்பிடித்து ஏறி, "போதிலும்" வந்து சேர்வதற்குள் வரி எங்கே ஆரம்பித்தது என்பதை மறந்துபோவாள். புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாள். புத்தியில் குறை ஒன்றும் இல்லை. எழுத்துத் தமிழ் அவள் காதில் போதுமான அளவு விழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

விழ வைப்பதற்கு வாசித்துக் காட்டுவதைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. ராத்திரி படுக்கையில் நான் வாசிப்பேன், எழுத்தில் உள்ளது உள்ளபடி. பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துறுதுறுக்கும், மாற்றுவதில்லை. இது பாடக் கணக்கிலும் சேராது, அவர்களாகப் படிக்கும் கணக்கிலும் சேராது. கேட்கிறவர் பாதியில் தூங்கலாம், கொட்டாவி விடலாம், சுவரில் பல்லியைப் பார்க்கலாம். கதை சூடு பிடிக்கிற இடத்தில் புத்தகத்தை மூடுவது என்னுடைய அற்பத் தந்திரம். மறுநாள் பார்த்தால் அடையாளச் சீட்டு நாலு பக்கம் தள்ளி இருக்கும். யார் நகர்த்தினார்கள் என்று நானும் கேட்பதில்லை.

எளிய தமிழில் புத்தகம் இல்லை என்கிற சாக்கு இப்போது அவ்வளவாக எடுபடாது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்துச் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்திருக்கின்றன (பெயர் வைத்தவருக்கு ஒரு பூங்கொத்து). பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடக்கின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: நிலை, வயது எல்லாம் நாம் கொடுக்கும் புத்தகத்தோடு நிற்கட்டும். பன்னிரண்டு வயதுப் பெண் முதல் நிலைக் கதையை எடுத்து உட்கார்ந்தால், "இது பாப்பா புத்தகம்" என்று வாயைத் திறக்காதீர்கள். தடுக்காமல் ஒரு பக்கம் ஓடுகிற சுகம் அவளுக்குத் தமிழில் இப்போதுதான் கிடைக்கிறது.

படக்கதை விஷயத்தில் தாத்தா பாட்டிகளைவிட அப்பாக்கள் மோசம். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த முத்து காமிக்ஸைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த மகானுபாவர்கள்தான், "இதெல்லாம் ஒரு படிப்பாடா?" என்று இப்போது மகனைக் கேட்கிறார்கள். ஒரே புத்தகத்தைப் பத்தாம் முறை படிப்பதையும் விட்டுவிடுங்கள். பாதியில் தூக்கிப் போடுவதையும்தான். நாம் வாங்கி அடுக்கியதில் எத்தனையை முடித்திருக்கிறோம்?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று இரண்டு வருகின்றன. அதனால்தான் திறந்த அலமாரி வேண்டும் என்று வலியுறுத்தினார்: ஊழியர் எடுத்து நீட்டாமல், வாசகர் தட்டுகளுக்கு நடுவே நடந்து தானே எடுக்க வேண்டும். நம் வீடுகளில் பல அலமாரிகளுக்குப் பூட்டு இல்லை, ஆனால் அம்மா எடுத்து நீட்டுவதுதான் நடக்கிறது. பிள்ளையைக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, நீங்கள் செய்தித்தாள் பக்கம் உட்காருங்கள். "சின்னப் பசங்க புஸ்தகத்தைக் கலைச்சிருவாங்க" என்று எங்களை ஒரு இடத்தில் வாசலோடு அனுப்பப் பார்த்தார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற குடும்பம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். உள்ளே விட்டார்கள். பையன் எடுத்து வந்தது கோழி வளர்ப்புப் புத்தகம். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி.

தேர்வு வருடத்தில் இதெல்லாம் நடக்குமா என்று மூத்த பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்பீர்கள். இதே அளவில் நடக்காது. அந்த வருடம் பாடம்தான் பெரும்பங்கைத் தின்னும்; அதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், பதின்வயதுக்கு அது புரியும். நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று வைத்திருப்பது படுக்கை நேரத்து அரை மணியை மட்டும். அதில் என் மகள் என்ன படிக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பதாகவும் இல்லை. உங்களில் அந்த வருடத்தைத் தாண்டியவர்கள் இருந்தால், அந்த அரை மணி தாக்குப்பிடித்ததா என்று எழுதுங்கள்.