கெரிக் கடைசியாக ஆடியது ஜூலை 4 அன்று அல்ல
"லூ கெரிக் 1939 ஜூலை 4 அன்று கடைசி ஆட்டம் ஆடி, உரையாற்றி ஓய்வுபெற்றார்" என்று நியூயார்க் யாங்கீஸ் அணியின் இந்த அமெரிக்க பேஸ்பால் வீரரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறுங்க. அன்று அவர் ஆடவே இல்லை. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே நடந்த பாராட்டு விழா அது. கொடுத்த பரிசுகளைக் கையில் வைத்திருக்கத் தெம்பில்லாமல் தரையில் வைத்தார்.

கடைசியாக ஆடியது ஏப்ரல் 30. அந்த சீசனில் 8 ஆட்டம், வெறும் 4 ஹிட் (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது). மே 2 அன்று டெட்ராய்ட்டில், தன் பெயர் இல்லாத அணிப் பட்டியலை கேப்டனாக அவரே அம்பயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். தொடர்ந்து ஆடிய 2,130 ஆட்டங்கள் அதோடு நின்றன. அவரைத் தளர்த்தியது ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று தெரிந்ததே ஜூனில்தான். காரணம் தெரியாமலேயே, அணிக்கு பாரமாகக் கூடாதென்று தானாக ஒதுங்கியவர் அவர். தேதியை மாற்றினால் இதுதான் மறைந்துபோகிறது, தயவுசெய்து திருத்திவிடுங்கள்.