எஃப் மேஜர் வராததற்கு விரல் மட்டுமா காரணம்?

நாலு மாதம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கிட்டாரில் ஒரே ஒரு கார்டை, அதாவது பல கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து எழுப்பும் ஸ்வரக் கூட்டை, அழுத்திக்கொண்டிருந்தேன். எஃப் மேஜர். சி வந்தது, ஜி வந்தது, ஏ மைனர் வந்தது, எஃப் மட்டும் ‘தொப் தொப்’ என்று செத்த சத்தம். வாத்தியாரிடம் கேட்டால் “பிராக்டிஸ் பத்தல”. கிட்டார் விற்ற கடையில் கேட்டால் “புதுசுல அப்படித்தான் சார் இருக்கும், விரல் பழகணும்”. வலையில் வீடியோ போடுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், வலிக்க வலிக்க அழுத்து, ஒருநாள் வந்துவிடும்.

எனக்கு வரவில்லை. விரல் நுனி தோல் உரிந்து, கட்டைவிரல் அடியில் இழுத்துப் பிடித்து, காலையில் வண்டி கிளட்சைப் பிடிக்கவே வலித்தது.

அப்புறம் ஒருநாள் வெறுத்துப்போய் எஃப் பிடிக்கும் அதே விரல் அமைப்பை முதல் ஃபிரெட்டிலிருந்து (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைதான் ஃபிரெட்) அப்படியே ஐந்தாவது ஃபிரெட்டுக்குத் தள்ளி அடித்துப் பார்த்தேன். ஏ மேஜர். ஆறு கம்பியும் மணி மாதிரி கேட்டது! அதே கை, அதே விரல், அதே ராத்திரி. அங்கே வருவது முதல் ஃபிரெட்டில் மட்டும் ஏன் வரவில்லை என்று நாலு மாதத்தில் ஒருத்தராவது யோசித்தார்களா?

விஷயம் நட்டில் இருக்கிறது. கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் அந்தச் சின்ன வெள்ளைத் துண்டு. அதில் கம்பிக்கு வெட்டும் பள்ளம் போதுமான ஆழம் இல்லையென்றால் கம்பி முதல் ஃபிரெட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். நட்டுக்கு ஒட்டியே இருக்கும் இடம் என்பதால் அங்கே கம்பி லேசில் வளையாது. விலை குறைந்த கிட்டார்கள் பலவும் இப்படித்தான் பள்ளத்தை மேலாக வெட்டி அனுப்பப்படுகின்றன, ஏனென்றால் ஆழமாக வெட்டிவிட்டால் கம்பி ஃபிரெட்டில் இடித்து இரையும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். மேலாக விட்டால் வாங்கியவர் தன் விரலைத்தான் திட்டிக்கொள்வார்.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை அளவுதான் இருக்க வேண்டும். என் கிட்டாரில் விசிட்டிங் கார்டே தாராளமாக நுழைந்தது. பழுது பார்க்கிறவர் ஒருவரிடம் கொடுத்தேன், அரை மணி நேரம் சின்ன அரத்தால் ராவினார், தடித்த 12 கேஜ் கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிய 10 போட்டார். அந்த வாரமே எஃப் வந்தது. அந்த வாரமே!

நம் ஊரில் வீணை வாசிக்கிறவர்களுக்கு அவ்வப்போது மேளம் கட்ட வேண்டும், அதாவது மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதிக்க வேண்டும் என்று தெரியும், மெழுகு தளர்ந்தால் விரலைக் குறை சொல்ல மாட்டார்கள். கிட்டாருக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

சொல்லிக்கொடுக்கிற விதமும் அப்படித்தான். ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் சமமாக நசுக்க வேண்டும் என்று சொல்லியே கொன்றார்கள். தேவையே இல்லை. ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது கம்பிகளை மற்ற மூன்று விரல்கள் பார்த்துக்கொள்கின்றன, ஆள்காட்டி விரலுக்கு ஆறாவதும், இரண்டாவதும், முதலாவதும்தான் பொறுப்பு. விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, கட்டைவிரலால் கிள்ளாமல் முழங்கையை லேசாகப் பின்னால் இழுத்தால் பாதி வலி போய்விடும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அதோடு, முதல் மாதமே முழு எஃப் எதற்கு? கீழ் நான்கு கம்பியில் மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் இருக்கிறது. அதிலும் எஃப், ஏ, சி மூன்று ஸ்வரமும் முழுசாக இருக்கின்றன, அதுவும் அசல் எஃப் மேஜர்தான். அதைக் கொடுத்துப் பாட்டு வாசிக்க விட்டிருக்கலாமே. “அது குறுக்கு வழி” என்றார் வாத்தியார்.

என்னோடு சேர்ந்த ஏழு பேரில் நாலு பேர் எஃப்பில் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு கல்லூரிப் பையன், எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத் தாளம் நன்றாக நிற்கும். “எனக்கு விரல் குட்டைண்ணா, இது நமக்கு வராது” என்று சொல்லிவிட்டுப் போனான். நேற்று போன் பண்ணினேன், கிட்டார் பரண்மேல் கிடக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், முதலில் அந்த நட்டைப் பார்க்க வேண்டும்.