அர்ஜுனனின் சோர்வும் அக்காவின் சோர்வும்

மனச்சோர்வு மனிதப் பிறவியோடு வந்தது, ஆன்மா பக்குவப்படும் வழி அது, அதற்குப் போய் மாத்திரை எதற்கு என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கீதையின் முதல் அத்தியாயத்துக்கே அர்ஜுன விஷாத யோகம், அதாவது அர்ஜுனனின் சோர்வு, என்றுதானே பெயர் என்பார்கள். உண்மைதான். வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவனுக்குத்தான் உபதேசம் கிடைத்தது.

ஆனால் அர்ஜுனனால் கேள்வி கேட்க முடிந்தது. மாணிக்கவாசகர் அழுதார், அழுகையைப் பாட்டாகவும் பாடினார். துக்கத்தில் இருப்பவருக்கு அது முடியும். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறோம், பதினாறாம் நாள் காரியம் செய்கிறோம். அந்தத் துக்கம் இயற்கையானது, அதை யாரும் நோய் என்று சொல்ல வேண்டாம்.

நோயாக முற்றிய சோர்வில் பலருக்கு அழக்கூட வராது. என் பெரியம்மா மகள், பிள்ளை பெற்ற சில வாரங்களில், பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு குழாயடியில் அப்படியே நிற்பாள். கை வாய்க்குப் போகாது. உள்ளே குழந்தை வீறிடும், அதுவும் கேட்கும், ஆனாலும் கால் நகராது. ஏழரைச் சனி என்றார்கள், கண்பட்டது என்றார்கள், விளக்குப் போடச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அக்காவைவிட சாமி பக்தி உள்ளவர்கள் யாரும் இல்லை. கடைசியில் அதுவே அவளை அழுத்தியது. "சாமியே கைவிட்டுடுச்சுன்னா நான் எவ்வளவு பெரிய பாவியா இருக்கணும்" என்றாள். நோயை ஆன்மிகமாக்கினால் நோயாளி குற்றவாளி ஆகிவிடுகிறார். என் கோபமெல்லாம் அதில்தான்.

மனநல மருத்துவர் முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார். அது குறைந்தாலும் இப்படிச் சோர்வு வருமாம். அவளுக்கு அது சரியாகவே இருந்தது. அப்புறம்தான் மாத்திரை. வேலை செய்யச் சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள் என்றார். முதலில் தூக்கம் வந்தது, பிறகு பசி, அதற்கும் பிறகுதான் குழந்தையைத் தானாகத் தூக்கினாள். இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறாள். சாமி கும்பிடவும் மனதில் தெம்பு வேண்டும், இல்லையா?

2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் வரும் ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில், மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் வெந்து செத்தார்கள். நம்பிக்கையோடு கொண்டுவந்து விடப்பட்டவர்கள்தான் அவர்களும். பின்னாளில் அதே தர்காவில் துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும், அரசு ஏற்பாட்டில் கிடைக்கத் தொடங்கியது. யாரையும் தொழ வேண்டாம் என்று சொல்லவில்லை, மருத்துவரையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எல்லாக் கோயில் வாசலிலும் இது வர வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி இருந்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.