சோதனை எலி அல்ல, என் அக்கா
மருத்துவ ஆய்வில் சேருவோரைச் 'சோதனை எலிகள்' என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. படித்ததும் மனசு வலித்தது. என் அக்கா மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தபோது அப்படியொரு ஆய்வில் சேர்ந்தவள். சேர்ந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் புது மருந்து கொடுத்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைக் கணினிதான் குலுக்கல் முறையில் முடிவு செய்தது. ஆனால் வழக்கமான சிகிச்சை இரு பிரிவுக்குமே உண்டு, புது மருந்து அதற்கு மேல்தான். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒப்புதல் படிவத்திலேயே இருந்தது. 1998-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து இன்று ஹெர்2 வகை (ஹெர்2 என்ற புரதம் மிகுந்த) மார்பகப் புற்றுநோயாளிகளைக் காப்பாற்றுகிறதென்றால், அன்று துணிந்து ஆய்வில் சேர்ந்த பெண்களால்தான்.

உடனிருப்பவர்களே, தெர்மாமீட்டர் கையருகே இருக்கட்டும். கீமோ நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழையுங்கள். மற்றபடி அக்கா என்னிடம் கேட்டது, "தைரியமா இருன்னு சொல்லாத, சும்மா பக்கத்துல உட்காரு" என்பது மட்டும்தான்.